தலைவர் பெயரில் எடுத்த ரத்தம்

எங்கள் தெரு முனையில் ஒரு பலகை நிற்கிறது. 'இது போதையற்ற தெரு' என்று அதில் எழுதியிருக்கும். பலகை வைத்த பிறகு தெருவில் போதை ஒழிந்ததா என்று இதுவரை யாரும் விசாரித்ததில்லை. எழுத்து பிரமாதம் என்று மட்டும் எல்லோரும் சொன்னோம். நீலத்தில் வெள்ளை எழுத்து, ஒவ்வொரு எழுத்தின் வலது தோளிலும் மயிரிழை போல ஒரு சிவப்பு நிழல். அதற்குக் கீழே, வாசகத்தைவிட அரை அங்குலம் பெரிதாக, தெரு நலச் சங்கத் தலைவரின் பெயர், இனிஷியல், பட்டம், கதவு எண்.

எழுதியவரை நாங்கள் எழுத்துக்காரர் என்போம். தெருவில் எல்லோருடைய பெயரையும் எழுதிய மனிதரை ஒருவரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. தலைவர் பெயரை மட்டும் அவர் நாற்பது தடவையாவது எழுதியிருப்பார். குடிநீர்த் தொட்டியில், பேருந்து நிழற்குடையில், 'நாய்கள் ஜாக்கிரதை'யில். குப்பைத்தொட்டியிலும் தன் பெயர் வேண்டும் என்று தலைவர் ஆசைப்பட்டபோது, வெளிப்பக்கமா உள்பக்கமா என்று எழுத்துக்காரர் கேட்கவில்லை. மரியாதை தெரிந்தவர். அந்தப் பெயரை அவர் கண்ணை மூடிக்கொண்டே எழுதுவார். கை தானாகப் போகும்.

அவருக்கு ஒரே பையன். இருபத்தாறு வயது. ஆறு வருடத்துக்கு முன் விளம்பரப் பலகையின் இரும்புச் சட்டத்தில் ஏறி வேலை பார்த்தபோது இரண்டாம் தட்டிலிருந்து விழுந்தான். முதுகு போயிற்று. வலிக்கு ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். ஆஸ்பத்திரி நிறுத்திய இடத்திலிருந்து நண்பர்கள் தொடர்ந்தார்கள். வீட்டில் அதற்கு வைத்த பெயர் 'முதுகு வலி'. "பையன் எங்கே, ஆளையே காணோம்?" என்று கேட்டால், "முதுகு வலி" என்பார் எழுத்துக்காரர். எங்களுக்கும் தெரியும். தெரிந்தும், "வெந்நீர் ஒத்தடம் குடுங்க" என்போம். இந்த நாகரிகத்தில்தான் எங்கள் தெரு நான்கு வருடம் ஓட்டியது.

அந்த வருடம் மழை விடாமல் பெய்தது. சுவர் ஈரம் காயாமல் சுவரெழுத்து வேலை நின்றுபோயிருந்தது. எழுத்துக்காரர் முன்னறையில் உட்கார்ந்து வண்டிகளுக்கு நம்பர் பலகை எழுதிக்கொண்டிருந்தார். வீடு முழுக்க டர்பன்டைன் வாடை. அவர் மனைவி ஒரு பெரிய விடுதியின் சலவைக் கூடத்தில் விரிப்பு மடிக்கிறவள். ஒரு நாளைக்கு முந்நூறு விரிப்பு. எதிர்முனையைப் பிடித்து மடிக்கிற தோழிதான் அவளிடம் சொன்னாள்: "டிப்போ பக்கத்துல பழைய பார்சல் ரூம் இருக்குல்ல, அங்க இப்ப ஊசி போடறவங்களுக்கு ரத்தம் பாக்கறாங்க. கல்லீரல்ல கிருமி இருந்தா மாத்திரையும் அங்கயே தர்றாங்க. என் தம்பிக்குச் சரியாயிடுச்சு. திட்டவே மாட்டேங்கறாங்கடி, அதான் எனக்குப் பயமா இருந்துச்சு."

பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒருமுறை போனதுண்டு. அங்கே இருந்த டாக்டர் பையனின் கைகளைப் பார்த்துவிட்டு, "முதல்ல இந்தப் பழக்கத்தை நிறுத்து. ஆறு மாசம் சுத்தமா இருந்துட்டு அப்புறம் வா, பாக்கலாம்" என்றார். "நிறுத்த முடிஞ்சா நான் ஏன் சார் இங்க வரிசையில நிக்கறேன்?" என்று பையன் கேட்டதை அவர் திமிர் என்று எடுத்துக்கொண்டார். அதோடு சரி.

மனைவி விடவில்லை. ஒரு வியாழக்கிழமை காலை, அவள் முன்னால், பையன் நடுவில், எழுத்துக்காரர் இருபதடி பின்னால் குடையைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு, மூன்று பேரும் பார்சல் ரூமுக்குப் போனார்கள்.

நர்ஸ் பையனை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துவிட்டு, ஒரு பாரத்தை அப்பாவிடம் நீட்டினாள். "பேரு, விலாசம், வயசு மட்டும் எழுதுங்க. எழுத வராதுன்னா சொல்லுங்க, நான் எழுதிக்கறேன்."

எழுத வராதாம்! எழுத்துக்காரர் தன் சட்டைப்பையிலிருந்து சொந்தப் பேனாவை எடுத்தார். 'பெயர்' என்ற கட்டத்துக்கு மேல் முனையை வைத்தார். மகனின் பெயர் ஞாபகத்தில் இருந்தது. ஆனால் அந்தக் கட்டத்தில், அந்த ரூமில், அந்தப் பெயரை நினைத்ததுமே காது மடல் சுட்டது. பேனா நின்றது. நின்ற பேனாவோடு அவர் வாழ்நாளில் பழகியதில்லை. கை தனக்குப் பழகிய வேலையைத் தானே பார்த்துக்கொண்டது. முடித்துவிட்டுப் பார்த்தால் கட்டத்துக்குள் இனிஷியலோடு கம்பீரமாகச் சங்கத் தலைவர் உட்கார்ந்திருந்தார். நிழல் போடாததுதான் பாக்கி.

அடித்துவிட்டு எழுதியிருக்கலாம். முப்பத்தைந்து வருடத்தில் பிறர் பார்க்க ஓர் எழுத்தைக்கூட அவர் அடித்ததில்லை. அதுமட்டுமல்ல, அந்தப் பெயரைப் பார்க்கப் பார்க்க மனதுக்கு ஓர் ஆறுதலாகவும் இருந்தது. கதவு எண்ணும் தலைவருடையதே வந்தது. வயது மட்டும் இருபத்தாறு என்று உண்மையாக எழுதினார். போன் இல்லை என்றார்.

உள்ளே விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்தார்கள். இருபது நிமிடத்தில் ஒரு சின்ன பிளாஸ்டிக் பட்டையில் இரண்டு கோடு விழுந்தது.

"பயப்படாதீங்க," என்றாள் நர்ஸ். "கிருமி எப்பவோ வந்துட்டுப் போயிருந்தாலும் இப்படிக் காட்டும். சில பேருக்குத் தானாவே போயிடும். இப்ப இருக்கான்னு பாக்க இன்னும் கொஞ்சம் ரத்தம் வேணும். முடிவு அடுத்த வியாழக்கிழமை."

நரம்பு கிடைக்கவில்லை. இரண்டு இடத்தில் தட்டிப் பார்த்தாள். பையனே முழங்கைக்குக் கீழே ஓரிடத்தைக் காட்டினான். "இங்க குத்துங்கக்கா. இது ஒண்ணுதான் இன்னும் வேலைக்கு வருது."

"நல்லவேளை சொன்னீங்க," என்றாள் அவள், பஸ்ஸுக்கு வழி சொன்னவனுக்கு நன்றி சொல்வதுபோல. அவன் அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த வியாழக்கிழமைக்குள் எங்கள் சங்கம் விழித்துக்கொண்டது. பார்சல் ரூமில் ஊசி இலவசமாகத் தருகிறார்கள், தெருவின் மானம் போகிறது, அதை மூடவைக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டோம். யார் யார் உள்ளே போகிறார்கள் என்று குறித்துவைக்கப் பொருளாளரை நியமித்தோம். அவர் ரூமுக்கு எதிரே இருந்த டீக்கடையில் நோட்டும் கையுமாக நின்றார். 'நீலச் சட்டை, ஒல்லி, 10.15' என்ற மாதிரிக் குறிப்புகள். உத்தியோகத்தில் இருந்தபோதுகூட மனிதர் இவ்வளவு ஒழுங்காக வேலை பார்த்ததில்லை என்று அவர் வீட்டம்மாவே சொன்னார்.

முடிவு வாங்க எழுத்துக்காரர் தனியாகத்தான் கிளம்பினார். பையன், "நானே போறேன்பா" என்றதற்கு, "மழையில நீ எதுக்கு, முதுகு வலி" என்றார். டிப்போ முனை திரும்பியதும் பொருளாளர் கண்ணில் பட்டார்.

"என்ன எழுத்துக்காரரே, இந்தப் பக்கம்?"

"பிரஷ் வாங்கலாம்னு."

தேவையில்லாத ஆறாம் நம்பர் பிரஷ் ஒன்றை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். இருவரும் வாசலில் நின்றிருந்தார்கள்.

"ஒண்ணுமில்லையாம்," என்றார்.

மனைவி உள்ளே போனாள். ஒரு வாரமாக ஜன்னல் ஓரத்தில் தனியாக வைத்திருந்த பையனுடைய தட்டையும் டம்ளரையும் எடுத்து, கழுவி, மற்ற பாத்திரங்களோடு அடுக்கினாள். அந்த ஓசையை அவர் முன்னறையிலிருந்து கேட்டார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். பிரஷ்ஷின் மயிரை விரலால் நீவிக்கொண்டிருந்தார்.

அதற்கப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தலைவர் வீட்டு முன்கூடத்தில் கூட்டம். பதினோரு நாற்காலி. பார்சல் ரூமை எதிர்த்து வைக்கவேண்டிய பலகைக்கு வாசகம் தயாராகிக்கொண்டிருந்தது. 'அகற்று' என்பது அடாவடி, 'அகற்றுக' என்பது பள்ளிக்கூடம், 'அகற்றிட ஆவன செய்வீர்' என்பதே கண்ணியம் என்று தலைவர் விளக்கிக்கொண்டிருந்தார். எழுத்துக்காரர் ஓரமாக நின்று, இத்தனை எழுத்து ஆறடிப் பலகையில் அடங்குமா என்று விரலால் அளந்துகொண்டிருந்தார்.

வாசலில் ஓர் ஆள் குடையை மடக்கினான். ஒல்லி. தோளில் பை, கையில் மஞ்சள் டப்பா. பயன்படுத்திய ஊசிகளை வாங்கிப் போடுகிற டப்பா. டிப்போ பக்கம் அவனை டப்பாக்காரன் என்பார்கள். ஒரு காலத்தில் அவனும் போட்டுக்கொண்டவன்தான். இப்போது அந்த ரூமில் வேலை. போன மாதம் முழுக்க வேறொரு பேட்டையில் இருந்துவிட்டு அந்த வாரம்தான் திரும்பியிருந்தான்.

அவன் தலைவரின் பெயரை இனிஷியலோடு சொல்லி, "இருக்காங்களா?" என்றான்.

"நான்தான்," என்றார் தலைவர், மாலைக்குக் கழுத்தை நீட்டுகிறவர் போல.

அவன் ஏற இறங்கப் பார்த்தான். "நீங்களா? ஐயா, ஒரு நிமிஷம் தனியாப் பேசலாமா?"

"தனியாவா? பொதுவாழ்வில் இருப்பவனுக்குத் தனியாக என்ன இருக்கிறது? எதுவானாலும் சபையில் சொல்."

"சபையில சொல்ற விஷயம் இல்லீங்க."

"என்னிடம் மறைப்பதற்கு எதுவுமில்லை. சொல் என்கிறேன்!"

"உங்களுக்கு வயசு இருபத்தாறுங்களா?"

பதினோரு நாற்காலியும் சிரித்தது.

"அப்ப நீங்க இல்லீங்க. ஆள் மாறி வந்துட்டேன், மன்னிச்சுக்குங்க." அவன் சீட்டை மடிப்பதற்குள் தலைவர் பிடுங்கிவிட்டார். மஞ்சள் சீட்டு. நிரப்பிய பாரத்தின் அடிப்பகுதியை அப்படியே கிழித்துத் தருகிற சீட்டு அது. பெயர், விலாசம், வயது, 'நேரில் வரவும்'. வேறொன்றும் இல்லை. ஆனால் பொருளாளருக்கு அந்த மஞ்சள் போதுமானதாக இருந்தது.

"இது பார்சல் ரூம் சீட்டாச்சே!"

தலைவருக்குப் பக்கத்து நாற்காலி மெல்ல நகர்ந்தது. அதற்கடுத்ததும் நகர்ந்தது. ஒருவர் தன் டீ டம்ளரை எடுத்து, தலைவர் டம்ளரிலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்தார். ஒழுக்கத்தில் எங்கள் வேகம் எங்களுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"எவனோ என் பெயரை..." தலைவருக்கு மூச்சு வாங்கியது.

பொருளாளர் சீட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். "எவனோ இல்லீங்க. எழுத்தைப் பாருங்க. இந்த வளைவு, இந்த வால். இது நம்ம எழுத்துக்காரர் கைதானே?"

எல்லோரும் திரும்பினோம். எழுத்துக்காரர் வந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டார். வெகு நேரம் பார்த்தார்.

"என்னுது இல்ல," என்றார். "சுழி இறங்கியிருக்கு பாருங்க. என் சுழி இறங்காது. எவனோ என் எழுத்தைப் பாத்துப் பழகியிருக்கான். அரைகுறை."

நாங்கள் நம்பினோம். தன் எழுத்தைப் போய் அரைகுறை என்று அந்த மனிதர் சொல்வார் என்று யாருக்குத் தோன்றும்?

டப்பாக்காரன் மட்டும் அவருடைய நகக்கண்ணில் இருந்த நீலத்தைப் பார்த்தான். சீட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டான். "சரிங்க. பொதுவா ஒண்ணு சொல்லிட்டுப் போறேன். எங்க ரூம்ல ரத்தம் குடுத்தவங்க யாரா இருந்தாலும் முடிவை வந்து வாங்கிக்கணும். வைரஸ் இருந்துச்சுன்னா தினம் மாத்திரை, பன்னெண்டு வாரம், அவ்வளவுதான். பெரும்பாலும் எல்லாருக்குமே சரியாயிடுது. ஊசியை விட்டுட்டுத்தான் வரணும்னு இல்ல. வராம இருந்தாத்தான் கல்லீரல் கெட்டுப்போகும். வரேங்க."

ஒன்றுமில்லை என்றால் ஒருவன் மழையில் வீடு வீடாக ஏறி இறங்குவானா? எழுத்துக்காரருக்கு அந்த இடத்திலேயே புரிந்துவிட்டது. ஆனாலும் 'ஆவன செய்வீர்' என்பதை இரண்டு வரியாக உடைக்கலாமா என்று தலைவர் கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினார்.

அவர் வீட்டுக்குள் நுழைந்தபோது, கவிழ்த்துப் போட்ட பெயின்ட் டின் மேல் டப்பாக்காரன் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். அவன் ஒன்றும் துப்புத் துலக்கவில்லை. வாசலில் நின்ற பையனிடம், "தம்பி, உங்க வயசுல யாராவது போன மாசம் பார்சல் ரூமுக்கு வந்தாங்களா?" என்று கேட்டிருக்கிறான். பையன் கையை நீட்டிச் சீட்டை வாங்கிப் பார்த்திருக்கிறான். இன்னும் அதைக் கையில் வைத்துக்கொண்டிருந்தான்.

"உங்க எழுத்துப்பா," என்றான். "சுழி நல்லா வந்திருக்கு."

எழுத்துக்காரர் செருப்பைக் கழற்ற மறந்து நின்றார்.

மனைவி ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தாள். "ஒண்ணுமில்லைன்னு சொன்னீங்களே, யாரு சொன்னா உங்களுக்கு?"

"நான் போகல."

"போகலையா? பிரஷ்ஷோட வந்தீங்களே!"

"பொருளாளர் நின்னுட்டிருந்தாரு."

"நின்னா? அந்தாளு என்ன, காவல் தெய்வமா? நின்னா நின்னுட்டுப் போறாரு! கிருமி இருக்குன்னு இந்தத் தம்பி இப்பச் சொல்லுது. பதினேழு நாளு. பதினேழு நாளும் எதிர்ல உக்காந்து சாப்பிட்டீங்களே, தொண்டையில இறங்குச்சா?"

"அம்மா, விடும்மா."

"எதைடா விடறது? தட்டைக்கூட எடுத்து ஒண்ணா வச்சுட்டேன்..."

"தட்டால ஒண்ணும் வராதும்மா," என்றான் டப்பாக்காரன். "தொட்டா வராது, சேந்து சாப்பிட்டா வராது. ரத்தத்துலேர்ந்து ரத்தத்துக்குத்தான் போகும்."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். "அப்ப அந்த ஒரு வாரம் இவனுக்குத் தனியா வச்சு..."

"பரவால்லம்மா," என்றான் பையன். "அந்தத் தட்டு கொஞ்சம் பெருசு. சோறு ஜாஸ்தி பிடிக்கும்."

அவள் சிரிக்கவில்லை. டப்பாக்காரன் சிரித்துவிட்டு, சிரித்ததற்கு வருத்தப்பட்டவன்போல டம்ளருக்குள் பார்த்தான்.

பையன் சீட்டை மடித்தான், பிரித்தான். "அண்ணே, ஒண்ணு கேக்கறேன். எனக்கு ஒண்ணுமில்லைன்னு சொன்னதும் நம்ம ஊசி சுத்தம்தான்னு நெனச்சுட்டேன். அவன்கிட்ட இல்லைன்னான். குடுத்துட்டேன்."

"யாரு?"

"டயர் கடையில இருப்பானே, திக்குவாய். ரெண்டு தடவை."

டப்பாக்காரன் டம்ளரைக் கீழே வைத்தான். "சரி. அவனையும் கூட்டிட்டு வா. இன்னிக்குப் பாத்தா ஒண்ணும் தெரியாமப் போகலாம், கொஞ்ச நாள் கழிச்சு மறுபடியும் பாக்கணும். ஊசி அங்கயே புதுசு வாங்கிக்குங்க, அதுக்குத்தான் தர்றோம். நீ அவனுக்குக் கெட்டது நெனைக்கல. உனக்குச் சொன்னது தப்பு."

சொன்னவர் யார் என்று யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தேவலை என்று எழுத்துக்காரருக்கு இருந்தது. ஏதாவது சொல்லவேண்டும் என்று தவித்து, கடைசியில், "சங்கத்துல... இது என் எழுத்தே இல்லைன்னு சொல்லிட்டேன்" என்றார்.

பையன் நிமிர்ந்தான். உண்மையாகவே அதிர்ந்துவிட்டான். "என் பேரை எழுதாததுகூட எனக்குப் புரியுதுப்பா. உங்க எழுத்தை இல்லைன்னு எப்படிச் சொன்னீங்க?"

திங்கட்கிழமை காலை. தூறல். மனைவி சலவைக் கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டாள். மூன்று பேரும் ஒரு குடையில் அடங்காமல் ஒன்றாகப் போனார்கள். திக்குவாய் டயர் கடையிலிருந்து வந்து கூடச் சேர்ந்துகொண்டான்.

நர்ஸ் புதுப் பாரம் எடுத்தாள். எழுத்துக்காரர் சட்டைப்பையில் கை வைத்ததும், "வேணாங்க, இந்தத் தடவை நானே எழுதறேன்" என்றாள். பையன் தன் பெயரைச் சொன்னான். கோழி கிறுக்கியது போல எழுதினாள். ஒவ்வொரு எழுத்தும் அவர் கண்ணை உறுத்தியது. சட்டைப்பையிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

டாக்டர் பத்து மணிக்குப் பார்த்து, கல்லீரல் இன்னும் அதிகம் கெடவில்லை, இன்றைக்கே தொடங்கலாம் என்றார். மாத்திரை டப்பாவை பையன் கையில் வைத்து நர்ஸ் விளக்கிக்கொண்டிருந்தாள். நடுவில், எல்லோரிடமும் கேட்கிற கேள்வி போல, "வீட்டுல ரேஸர், பல் பிரஷ் எதையாவது சேந்து உபயோகிக்கறீங்களா?" என்றாள்.

"ரேஸர் ஒண்ணுதான்," என்றான் பையன். "நானும் அப்பாவும்."

"எத்தனை நாளா?"

"அவனுக்கு மீசை வந்ததுலேர்ந்து," என்றார் எழுத்துக்காரர்.

"அப்ப நீங்களும் பாத்துக்கறது நல்லது. பெரும்பாலும் இருக்காது, ஆனாலும் பாத்துடலாம். வெளிய பெஞ்சுல உக்காருங்க, கூப்பிடறேன்."

"உள்ளயே ஓரமா நின்னுக்கறேனே."

"உள்ள ஒழுகுதுங்க."

பெஞ்சு ரூமுக்கு வெளியே, தாழ்வாரத்தில், ரோட்டைப் பார்த்தபடி இருந்தது. நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவன் நகர்ந்து இடம் விட்டான். ஒட்டி உட்கார்ந்தால்தான் சாரல் படாது. எழுத்துக்காரர் உட்கார்ந்தார்.

"புதுசுங்களா?" என்றான் பக்கத்திலிருந்தவன். அவர் தலையாட்டினார்.

"சின்னக் குத்துதாங்க. எறும்பு கடிச்ச மாதிரி. எங்களுக்கு அது ஒரு பொருட்டா? உங்களுக்கு வேணா வலிக்கும்."

எதிரே டீக்கடையிலிருந்து பொருளாளர் பார்த்துவிட்டார். கண்ணைச் சுருக்கினார். குடையை விரித்து, நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தேங்கிய தண்ணீரைத் தாண்டித் தாண்டி ரோட்டைக் கடந்து வந்தார். பெஞ்சிலிருந்த மற்ற நான்கு பேரையும் அவர் பார்க்கவில்லை. அவர்களைத்தான் ஏற்கெனவே குறித்தாயிற்றே.

"எழுத்துக்காரரே!" குரலில் அப்படியொரு பரிவு. தெரு தன் மனிதரைக் கைவிடாது என்ற பரிவு. "என்ன, இவங்களுக்கு போர்டு எழுதத்தானே வந்தீங்க? அளவு எடுக்கச் சொன்னாங்களாக்கும்?"

நல்ல மனுஷர். பதிலையும் அவரே கொண்டுவந்திருந்தார். ஒரே ஒரு 'ஆமா' போதும். எழுந்து, சுவரை இரண்டு சாண் அளந்துவிட்டு, அவரோடு டீ குடிக்கப் போய்விடலாம். எழுத்துக்காரரின் வலது கை முழங்காலிலிருந்து தானாக எழும்பியது. சுவர் பக்கம் போகப் பார்த்தது. இடது கையால் அதைப் பிடித்துக்கொண்டார்.

"இல்லீங்க," என்றார். "பையனுக்கு மாத்திரை வாங்க வந்தேன். ஊசி போடறான். எனக்கும் பாக்கணும்னாங்க."

நோட்டைக் கக்கத்திலிருந்து எடுப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை பொருளாளருக்கு.

"அப்புறம், தலைவர் பேரை எழுதினதும் நான்தான். அவருகிட்டச் சொல்லிடுங்க. நானும் வந்து சொல்றேன்."

உள்ளேயிருந்து நர்ஸ் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிடவில்லை. அவருக்கு முன் இன்னும் நான்கு பேர் இருந்தார்கள். பொருளாளர் போகவுமில்லை. சாரல் திரும்பி முகத்தில் அடித்தது. எழுத்துக்காரருக்கு முகமெல்லாம் எரிந்தது, கழுத்து எரிந்தது. பக்கத்திலிருந்தவன் இன்னும் கொஞ்சம் நகர்ந்து, அவரை உள்பக்கமாக இழுத்துக்கொண்டான்.

அவர் தலையை நிமிர்த்தவில்லை. எழுந்தும் போகவில்லை.